ஜெயராமன் வெட்டாத ரீல்

செஞ்சியில் எந்தப் படம் வந்தாலும் அதற்குத் தீர்ப்பு சொல்கிறவள் அசீசுன்னிசாதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பிறந்ததிலிருந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. பெற்றவர் விடவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் மாமனார் விடவில்லை. புருஷன் நசுருதீன் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்து, மாமனாரும் கண்ணை மூடிய பிறகு தடுக்க ஆளில்லை. ஆனால் அதற்குள் தையல் மிஷின் வந்து உட்கார்ந்துகொண்டது, அது எழுந்திருக்க விடவில்லை.

ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் அளவு கொடுத்த கையோடு கேட்பார்கள், "அசீசு, இந்த வாரம் போவலாமா?" அவள் வாயில் இருக்கும் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொல்லுவாள். "முதல் பாதி பாட்டு, ரெண்டாம் பாதி அழுகை. துணி துவைக்கிற வேலை இல்லன்னா போ." அவ்வளவுதான், பஜாரில் பாதிப் பெண்கள் அந்த வாரம் துணி துவைப்பார்கள்.

படத்தோடு நிற்காது. பஸ் ஸ்டாண்டு கடையில் மாதம் பிறந்தால் தொங்குகிற மர்ம நாவல்களை அவள் ஒன்று விடாமல் படிப்பாள். முப்பதாம் பக்கத்துக்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவதாகப் பீற்றிக்கொள்ளவும் செய்வாள். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. "கதையில யாரு ரொம்ப நல்லவங்களா வந்து எல்லாருக்கும் காபி ஊத்திக் குடுக்கிறாங்களோ, அவங்கதான். துப்பறியிறவனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது. அவன் சிகரெட்ட பத்த வெக்கவே நேரம் சரியா இருக்குது."

பார்க்காத படத்தைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? கமலாம்பாள். கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் தகரக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கவுண்டர் அவளுடையது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் பார்த்துவிடுவாள். சனிக்கிழமை மத்தியானம் தூக்கில் காபியோடு வந்து, மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து, பாட்டு, சண்டை, மழை, இடி எல்லாவற்றோடும் படத்தை ஓட்டுவாள். அழுகிற இடத்தில் நிஜமாகவே அழுவாள். அசீசுன்னிசா மிதித்துக்கொண்டே கேட்பாள்.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "அசீசு, நீ சொன்ன கடைசி சீன் வரவே இல்லியே" என்பார்கள். அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஆபரேட்டர் ஜெயராமன் வெட்டிவிட்டான்! மேட்னி நீண்டால் பனமலை பஸ் போய்விடும், பனமலை ஜனம் பாதியில் எழுந்து ஓடும். அதனால் அவன் ஒரு பாட்டையோ ஒரு காமெடியையோ தூக்கி வைத்துவிட்டு ஓட்டுவான் என்பது ஊரறிந்த விஷயம். "மொத நாள்தான் முழுசா ஓட்டுவான், மறுநாள்லேர்ந்து கத்திரி" என்பாள் கமலாம்பாள். ஆக, வராத சீனுக்கெல்லாம் ஜெயராமன்தான் ஊரில் திட்டு வாங்கினான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை ராஜாம்பாள் வந்து கெடுத்தாள். புருஷனுக்குத் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி, விழுப்புரத்திலிருந்து வந்தவள். வந்த மாதமே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். அசீசுன்னிசா ஒரு படத்தைப் பிரித்து மேய்வதைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஆட்டம் பாத்தீங்க?" என்றாள். எந்த ஆட்டமும் பார்க்கவில்லை என்றதும் சிரித்தே விட்டாள். "பரீட்சை பேப்பரையே பாக்காம மார்க் போடுறீங்களே! நல்லா இருக்குது!"

அன்று தைத்த ராஜாம்பாள் ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள் அசீசுன்னிசா. அவ்வளவு கோபம்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் பஜார் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். பழைய படம் ஒன்று திரும்ப வருகிறது. போஸ்டரில் வெள்ளைப் புடவையோடு நிற்கிறவளைப் பார்த்ததும் அசீசுன்னிசா நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள். அந்தப் படம்தான்! புருஷன் இறந்து, வெளியே தலைகாட்டாமல் இத்தா இருந்த நாட்களில் கமலாம்பாள் வந்து சொன்ன முதல் படம். அதில் புருஷனை இழந்தவளை மாமனார் வீட்டார் அரிசி புடைக்கவும் ஏச்சு வாங்கவும் வைத்திருப்பார்கள். கடைசியில் அவள் கம்மலைக் கழற்றி விற்று, ஒரு தையல் மிஷின் வாங்கி, ஜன்னல் ஓரம் போட்டு உட்காருவாள். மாமனார் வாசலில் நின்று கத்துவார். அவள் தலை நிமிராமல் மிதிப்பாள். கத்தல் கேட்காது, மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். அத்தோடு படம் முடியும்.

இத்தா முடிந்த மறுவாரம் அசீசுன்னிசா தன் கம்மலைக் கழற்றினாள். மாமனார் கத்தினார். அவளும் தலை நிமிரவில்லை. இன்றைக்கு அவள் சாப்பிடுகிற சோறு அந்த சீன் போட்ட சோறு.

"நான் போறேன்" என்றாள் கமலாம்பாளிடம். "அந்த சீனை என் கண்ணால பாக்கணும். ராஜாம்பாளையும் இஸ்துகினு போறேன்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த கமலாம்பாள் வெளியே சிந்திவிட்டாள். "அது தேஞ்சுபோன பிரிண்டுடி. ஒரே மழை மழையா கோடு வுடுது. சத்தம் வேற சரியில்ல."

"பரவால்ல."

"ஜெயராமன் வெட்டிடுவான்."

"வெட்டுவானா? பாத்துடலாம்."

ஒன்றை நினைத்துவிட்டால் அவள் விடமாட்டாள். புர்காவை மாட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய், ஆபரேட்டர் ரூம் ஏணியடியில் நின்று கூப்பிட்டாள். "ஜெயராமண்ணே, ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வரேன். ஒரு அடிகூட வெட்டக் கூடாது. பனமலை பஸ் போனா போவட்டும்." ஜெயராமன் தலையைச் சொறிந்தான். பனமலைக்காரர்கள் தன்னை மென்று துப்பிவிடுவார்கள் என்றான். அவள் நகரவில்லை. கடைசியில், "சரிம்மா, புள்ளைங்க மேல சத்தியம், முழுசா ஓட்டுறேன்" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. பெண்கள் பக்கத்தில் அசீசுன்னிசா, அவளை ஒட்டி, மிஷின் சீன் கதையை முன்பே கேட்டுவிட்டு வந்த ராஜாம்பாள். டிக்கெட் கிழித்து முடித்த கமலாம்பாள் பின்னால் வந்து தூணோடு தூணாக நின்றாள். விளக்கு அணைந்ததும் அசீசுன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகம் ஒரு வீடளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது. அரிசி புடைப்பது, ஏச்சு, மழை, இடி. "இப்ப பாரு, மாமனாரு தட்டைத் தூக்கி எறிவாரு" என்று ராஜாம்பாளுக்கு முன்கூட்டியே சொன்னாள், அவரும் எறிந்தார். ராஜாம்பாள் திரும்பி அவளையே பார்த்தாள். அசீசுன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே பனமலை பஸ் ஆரன் அடித்தது. பாதிக் கொட்டகை எழுந்து, ஜெயராமனைத் திட்டிக்கொண்டே ஓடியது. படம் நிற்காமல் ஓடியது.

வெள்ளைப் புடவைக்காரி கொல்லைப் பக்கம் நடந்தாள். கம்மலைக் கழற்றினாள். அசீசுன்னிசா ராஜாம்பாளின் கையை இறுகப் பிடித்தாள். திரையில் அவள் கம்மலைக் கிணற்று மேடையில் வைத்தாள். பிறகு கிணற்றுக்குள் குதித்தாள். தண்ணீர் கலங்கி அடங்கியது. 'வணக்கம்' என்று எழுத்து வந்தது. விளக்கு போட்டுவிட்டார்கள்.

"மிஷின் எங்க?" என்றாள் ராஜாம்பாள்.

அசீசுன்னிசா எழுந்து நேரே ஆபரேட்டர் ரூமுக்குப் போனாள். ஏணியில் ஏறியே விட்டாள். பெண்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்து கீழே கூடினார்கள். "சத்தியம் பண்ணிட்டு வெட்டிட்டியேண்ணே! எங்க அந்த மிஷின் துண்டு? எடு!"

ஜெயராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. "யம்மா, உனக்காக பஸ்ஸையே வுட்டேன். பனமலைக்காரன் கல்லெடுத்து அடிக்காத குறை. ஒரு அடிகூட வெட்டல. இந்தப் படத்துல ஏதும்மா மிஷினு? நானும் இன்னிக்கு நேத்தா ஓட்டுறேன்? இந்தப் படத்துல அவ சாவுறாம்மா! எப்ப ஓட்டினாலும் சாவுறா!"

அவன் பொய் சொல்லவில்லை என்று முகமே சொன்னது. அசீசுன்னிசா ஏணியில் நின்றபடி கீழே பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் கமலாம்பாள் தலை குனிந்து, முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கமலாம்பாள் சொன்ன எந்தப் படத்திலும் ஒரு பெண்கூடச் செத்ததில்லை. ஒருத்தி டீச்சரானாள், ஒருத்தி கோழிப் பண்ணை வைத்தாள், ஒருத்தி குடிகாரப் புருஷனைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரொம்ப நல்லவளாக வந்து, சனிக்கிழமை தவறாமல் காபி ஊற்றிக் கொடுத்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பதாம் பக்கத்தில் பிடிக்கிறவள் இத்தனை வருஷமாகப் பிடிக்கவில்லை.

இறங்கிப் போய் கமலாம்பாள் எதிரில் நின்றாள். கோபமாகத்தான் கேட்டாள். "ஏங்க்கா?"

கமலாம்பாள் மெல்லத்தான் பேசினாள். "அப்ப நீ சாப்புடுறதில்ல, பேசுறதில்ல. நான் வரும்போதெல்லாம் ஜன்னல் வழியா உங்க வீட்டுக் கெணத்தையே பாத்துகினு இருப்ப. அவ கெணத்துல வுழுந்துட்டான்னு உங்கிட்ட நான் எப்பிடிடி சொல்லுவேன்? வாய்ல வந்தத சொன்னேன். நீ அன்னிக்கு ராத்திரி சாப்ட்ட. அதுக்கப்புறம் எவளையும் சாவடிக்க எனக்கு மனசு வரல."

அசீசுன்னிசாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கவில்லை. திரும்பி ஏணியை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஜெயராமண்ணே, நீ எதையும் வெட்டல. இத்தினி வருஷம் உன்ன ஏசினது எங்க தப்பு."

ராஜாம்பாள் விடவில்லை. கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "அப்ப அந்த மிஷின் சீன் எங்கதான் இருக்குது?"

"எங்க வீட்டுல இருக்குது" என்றாள் அசீசுன்னிசா. "ஜன்னல் ஓரம். நாளைக்கு வா, உன் ஜாக்கெட்டுக்குக் கையைப் பிரிச்சித் தைக்கணும். அப்ப பாத்துக்க."

கமலாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். பஜார் முனை வந்ததும் அசீசுன்னிசாதான் கேட்டாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை இன்னா படம்?"

"அக்கா தங்கச்சி கதைன்னு சொல்றாங்க."

"நானும் வரேன். சேர்ந்து பாக்கலாம். அதுல எவளாவது செத்தா, சனிக்கிழமை உக்காந்து ரெண்டு பேருமா பொழைக்க வெச்சிடலாம்."