பின்சீட்டில் ஆள் ஏறினால்

அக்காவின் கார் மூன்று நாளாக ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. மூன்று நாளாகச் சமர்த்துப் பிள்ளை மாதிரி ஓடுகிறது. அங்கே மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி மீட்டருக்கு அதுதான் எரிச்சல். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாத கையோடு அவனைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர் அது. வண்டி ஹைப்ரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது; அதன் சூட்டைப் பார்த்துச் சொல்ல மூன்று சென்சார்கள். இரண்டாவது சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று ஸ்கேனரில் பழைய பதிவு இருந்தது. அவன் ஓட்டியபோது எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. டிக்கிப் பக்கத்துக் கனெக்டரில் அளந்தான், ஆட்டினான், தட்டினான். ஸ்கேனர் திரையில் முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று டிகிரி என்று மூன்று எண்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பின்சீட்டை மட்டும் அவன் கழற்றவில்லை. பேட்டரி ஃபேனில் சேர்ந்த தூசியை எடுத்துவிட்டு, ஒன்றரை மாதத்துக்கு முன் அந்தச் சீட்டைத் திரும்ப மாட்டியதே அவன்தான். தன் கை பட்ட இடத்தை எவன் சந்தேகப்படுவான்?

மாமா ஓட்டினால் ஒன்றும் ஆகாது, அக்கா ஓட்டினால் மட்டும் விளக்கு எரியும். வீட்டில் இதுதான் வழக்கு. நாற்பத்து நான்கு வயதில், நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவள் அக்கா. ஒருநாள் பாலத்தின் நடுவில் வண்டி இழுக்காமல் நின்று, பின்னால் அத்தனை பேரும் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். 'உன் கால்லதான் ஏதோ இருக்கு' என்று மாமா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு வந்தபோது மீட்டரும் சும்மா இருக்கவில்லை. 'அக்கா பிரேக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே ஓட்டுவா மாமா' என்று ஒத்து ஊதினான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மூன்று வாரமாக வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வண்டியை விற்றுவிடுவதென்று மாமா முடிவு செய்துவிட்டார்; நாளைக் காலை வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. அது போனால் அக்கா இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

வேலை முடிந்து நாலு மணிக்கு அக்கா வந்தாள். முன்சீட்டு முழுக்க அவன் கடைபரப்பி வைத்திருந்ததால் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“என்னடா டாக்டர், இன்னும் நோயே தெரியலையா?”

“அக்கா, அசையாத.”

“ஏன், பூரான் கீரான் கிடக்கா?”

திரையில் நடு எண் மைனஸ் நாற்பதாகியிருந்தது. பேட்டரி ஒன்றும் உறைந்துவிடவில்லை. ஒயர் விட்டுப்போய்த் தகவல் நின்றால், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு, பயந்துபோய்ப் பேட்டரியை ஒதுக்கி வைத்துவிடும்.

“எழுந்திரு.” முப்பது. “உட்காரு.” மைனஸ் நாற்பது. “இன்னொரு தடவை.”

“வாத்தியார்கூட என்னை இப்படிப் படுத்தினதில்லடா.”

“பின்சீட்டுல ஆள் ஏறினாத்தான் வருது.”

அக்கா பாதி எழுந்தபடி அப்படியே நின்றாள். “உன் மாமா தனியாப் போவாரு. நான் எங்க லேப் ஆளுங்க ரெண்டு பேரைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போவேன்” என்றாள் மெதுவாக.

சீட்டைத் தூக்கினான். ஒயர் போக வேண்டிய கிளிப் காலியாக இருந்தது. ஒயர் சீட்டுக் கொக்கியின் அடியில் போய், தட்டையாக நசுங்கிக் கிடந்தது. மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது; சீட்டில் ஆள் அழுத்தினால் முனைகள் விலகும், எழுந்தால் ஒட்டும். ஃபேனைச் சுத்தம் செய்த அன்றைக்குச் சாயங்காலம் அவசர அவசரமாகச் சீட்டை வைத்து, ஓங்கி ஒரு அழுத்து அழுத்தி மாட்டியது ஞாபகம் வந்தது.

கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியின் பாதுகாப்புப் பிளக்கை உருவினான். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் அடங்கப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா போன் செய்தார்.

“தெரிஞ்சுதா மாப்ள?”

“தெரிஞ்சுது மாமா. சென்சாருக்குப் போற ஒயர்.”

“அவ ஓட்டுற ஓட்டுல அறுந்திருக்குமோ?”

ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். வண்டின்னா நாலும் வரும் மாமா என்று இழுத்தால் போதும். எலி கடித்தது என்றாலும் நம்பிவிடுவார். அக்கா அவனைப் பார்க்கவில்லை, அந்தக் காலிக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துப் பழகிய கண்.

“இல்ல மாமா. ஃபேன் சுத்தம் பண்ணினப்போ நான்தான் ஒயரைக் கிளிப்புல மாட்டாம விட்டுட்டேன். அக்கா ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல.”

“சரி, வீட்டுல பேசிக்கலாம்” என்று மாமா போனை வைத்துவிட்டார்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“ஒயரை விட்டதுகூடப் பரவாயில்லடா. கை வேலை, தவறும்” என்றாள். “உன் மாமா சொன்னதை நான் நம்பல. அவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? நீ சொன்னதும் நம்பிட்டேன். பஸ்ஸுல நிக்கும்போதுகூட என் காலைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பத்து நிமிஷம் ஆனதும் நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, கிளிப்பில் அழுத்தினான். டக்கென்று சத்தம் கேட்ட பிறகும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிளக்கைச் செருகி, சீட்டைப் பொறுமையாக வைத்தான்.

“சாவியக் குடு” என்றாள் அக்கா. “நீ பின்னாடி ஏறு. ஆள் உட்கார்ந்தாத்தானே தெரியும்?”

முன்சீட்டில் கிடந்ததை அள்ளிக்கொண்டு அவன் ஏறினான். மாமாவின் உயரத்துக்குத் தள்ளிக் கிடந்த டிரைவர் சீட்டை அவள் முன்னால் இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பல் பல்லாகக் கொக்கி விழுந்தது. பிறகு நடுக் கண்ணாடியைத் திருப்பினாள். ஒரு நொடி அதில் அவள் கண்ணும் அவன் முகமும் நேருக்கு நேர் நின்றன. அவள் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்; அவன் முகம் ஓரமாக நழுவிப் போய், கண்ணாடி முழுக்கப் பின்னால் கிடந்த தெரு வந்தது.