மூக்கு இறங்காத விமானம்

விமானம் நிற்க மறுத்தது. சாப்பாட்டு மேசையின் மேல் மூன்று சக்கரங்களும் படும்படி வைத்து அவள் விரலை எடுத்ததும், மூக்கு மெல்ல மேலே எழும்பியது; வால் பின்னால் சாய்ந்து மேசையில் டொக்கென்று இடித்தது. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நாய்க்குட்டியைப் போல் குந்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. மேசை சாய்வாக இருக்குமோ என்று திருப்பி வைத்தாள். டொக். தரையில் வைத்தாள். டொக். முன் சக்கரத்தின் கால் நீளமாகப் போய்விட்டதோ என்று அளந்து பார்த்தாள். கால் சரியான நீளத்தில்தான் இருந்தது. சக்கரங்கள் நேராக இருந்தன. எந்தத் துண்டும் கோணலாக ஒட்டப்படவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பொருள் தப்பாக நடந்துகொண்டால் அவளுக்குக் கோபம் வருவதற்குப் பதில் ஆவல்தான் வரும். ஆனால் இன்று ஆவலோடு உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. மத்தியானம் தம்பி சாப்பிட வருகிறான். சாயங்கால ரயிலில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான்.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவருக்கு அன்று விடுமுறை. வாசல் நிலையில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், “பின் சீட்டுல கூட்டம் ஜாஸ்தி போல,” என்றார்.

“சும்மா இருங்க.”

“கண்டக்டர் இல்லாத வண்டின்னா இப்படித்தான். முன்னாடி போங்க, முன்னாடி போங்கன்னு சொல்ல ஆள் வேணும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அதில் பாதி விடை இருப்பது அப்போது இருவருக்குமே தெரியவில்லை.

தம்பி விமானத்தில் சரக்கு ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டது இது. “அக்கா, நான் ஏத்துற விமானம் ஒண்ணு பண்ணிக் குடு. உனக்கென்ன, பல்லே பண்ற.” அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறாள். மருத்துவர் அனுப்பும் அச்சைப் பார்த்து, உலகத்தில் ஒரே ஒரு வாய்க்கு மட்டும் பொருந்துகிற பல்லைச் செய்ய வேண்டும். தலைமுடி அளவு உயர்ந்தாலும் கடிக்கும்போது தாடை வலிக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே பிளாஸ்டிக் மாடல் ஒட்டிப் பழகிய விரல்கள்தான் அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தன. பிறகு அந்த வேலை விரல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

தம்பிக்காகப் பெரிய மாடலாக ஒன்று வாங்கினாள். உடற்பகுதியை எடுத்துப் பார்த்ததும், தகடுகள் சேரும் கோடுகள் அதில் மேடாக இருப்பது தெரிந்தது. நிஜ விமானத்தில் அவை பள்ளம். எல்லா மேட்டையும் தேய்த்து எடுத்தாள். பள்ளமாகக் கீற ஆரம்பித்தாள். கீறுவதற்குப் படம் வேண்டும். படத்தில் ஜன்னல் வரிசை கொஞ்சம் கீழே தெரிந்தது. இன்னொரு படத்தில் கொஞ்சம் மேலே. எது சரி? தம்பிக்குக் கல்யாணம் ஆனது, அவன் மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல்லும் முளைத்தது. விமானத்துக்கு இறக்கை முளைக்கவில்லை. முதலில் தம்பி போன் செய்யும்போதெல்லாம், “என்னக்கா, ரன்வேக்கு வந்துச்சா, இன்னும் ஷெட்லதான் நிக்குதா?” என்று சீண்டுவான். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் சீண்டியதை அவளால் தாங்க முடிந்தது. நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. இனி அவன் மூட்டை தூக்க வேண்டாம். வேறொரு விமான நிலையத்தில், எந்தப் பெட்டி எந்த இடத்தில் போக வேண்டும் என்று எடைக் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்கிற வேலை. தனி மேசை உண்டு. அந்த மேசைக்கு இந்த விமானம் போயாக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். இந்தத் தடவையும் வெறுங்கையோடு அவனை ரயில் ஏற்றிவிட்டால், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். இனி எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டான்.

அதனால்தான் காலையில் எழுந்ததும் பெரிய மாடலை வெளியே எடுத்தாள். இறக்கையை உடலோடு வைத்துப் பார்த்தாள். நடுவே மெல்லிய இடைவெளி. தேய்க்கும் தாளை எடுத்தாள். எவ்வளவு நேரம் தேய்த்தாளோ, கணவர் டீ கொண்டுவந்து வைத்தபோது மேசையெல்லாம் வெள்ளைத் தூளாக இருந்தது.

“இன்னும் எவ்ளோ இருக்கு?”

“இந்த எடவெளி மட்டும் சரியாகணும். ஒரு முடி அளவு நிக்குது.”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இத யாரு கடிக்கப் போறா?”

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்க வாயைத் திறந்தவள், சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது கையிலிருந்த தாள் கீழே கிடந்தது. யாரும் கடிக்கப் போவதில்லை. யாருடைய தாடையும் வலிக்கப் போவதில்லை. இத்தனை காலமும் அவள் ஒரு பல்லைச் செய்துகொண்டிருந்தாள், இறக்கை வைத்த பல்.

பெரிய மாடல் வாங்கியபோது கடைக்காரர் சும்மா கொடுத்த ஒரு சின்னப் பெட்டி அலமாரியின் அடியில் கிடந்தது. அதே விமானம், உள்ளங்கை இரண்டை நீட்டி வைத்த அளவு. சின்னப் பிள்ளைகளுக்கானது என்று அப்போது திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது மேசைத் தூளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். சட்டத்தில் கோத்த மாதிரி துண்டுகள் விழுந்தன. மேடா பள்ளமா என்று பார்க்கவில்லை. வெட்டினாள்.

மறந்தே போயிருந்தது, இது எவ்வளவு சுகம் என்று. வெட்டுக்கருவி சட்டத்தைக் கடிக்கும்போது வருகிற அந்தச் சின்ன ‘டிக்’. துண்டு கையில் விழுகிறது. காம்பு இருந்த இடத்தைக் கத்தியால் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். இரண்டு பாதி உடலையும் சேர்த்துப் பிடித்து, நடுக்கோட்டில் தூரிகையால் பசையைத் தொட்டாள். இந்தப் பசையின் வேலையே தனி. அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. தண்ணீர் மாதிரி இருப்பதால் தொட்ட இடத்திலிருந்து கோடு நெடுக அதுவாகவே ஓடும். ஓடிய வழியில் இரண்டு ஓரங்களையும் இளக வைக்கும். அழுத்திப் பிடித்தால் இளகிய பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கலக்கும். பசை ஆவியாகிப் போன பிறகு அங்கே பசையே இருக்காது. இரண்டாக இருந்தது ஒன்றாகியிருக்கும். அந்தக் கோடு ஓடுவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே அலுக்காது. எத்தனையோ வருடமாக அதைப் பார்க்கவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கைகள். வால். ஜன்னல் கண்ணாடி. கால்கள், சக்கரங்கள். பிளாஸ்டிக்கே வெள்ளை நிறம், அதனால் வர்ணம் பூசவில்லை. பக்கவாட்டில் ஒட்டுகிற நீலக் கோட்டுப் படத்தை அதன் காகிதத்தோடு தண்ணீரில் ஊறவைத்தாள். காகிதத்திலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்து விமானத்தின் மேல் படிந்தது. கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. விரல் நுனியால் ஒரு தள்ளு. போதும். ஒரு இடத்தில் பசை வழிந்து பளபளத்தது. அதுவும் இருக்கட்டும். அவள் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்ததை, “பாட்டா அது?” என்று கணவர் கேட்டபோதுதான் கவனித்தாள்.

அப்புறம்தான் சக்கரத்தில் நிறுத்திப் பார்த்தாள். டொக்.

கணவர் செய்முறைத் தாளை எடுத்து முதல் படத்திலிருந்து படித்தார். அவர் விரல் நின்றது. “இங்க மூக்குக்குள்ள ஒரு கல்லு மாதிரி படம் போட்டிருக்கே, அது என்ன?”

அவள் வாங்கிப் பார்த்தாள். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டும் முன் மூக்கின் உள்ளே எடை வைக்க வேண்டும். முதல் படமே அதுதான். பெரிய மாடலின் தாளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள், சின்னப் பிள்ளைகளுக்கான தாளைப் படிக்கவே இல்லை.

“அக்கா! என்ன, ஒரே மருந்து வாட!” தம்பி வந்துவிட்டான். ஒளித்து வைக்க நேரமில்லை. செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றான். மேசையில் அவனுடைய விமானம் வாலை ஊன்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே வந்து குனிந்தான். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“வாலு குந்திடுச்சு! மாமா, பாத்தீங்களா? எட பாக்குறவன் வீட்டுலயே வாலு குந்திடுச்சு!”

“நீ வருவேன்னு அண்ணாந்து பாத்துட்டிருக்கு, மச்சான்.”

“இது நெசமாவே நடக்கும், மாமா. ஒரு தடவ நம்ம பசங்க முன்னாடி இருந்த பெட்டியெல்லாம் மொதல்ல எறக்கிட்டு, பின்னாடி அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. திரும்பி வந்தா மூக்கு ரெண்டாவது மாடியில நிக்குது. பைலட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்துத் திட்டுறாரு. ஏணி எட்டல.”

அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கியது. விமானமும் சீசாப் பலகைதான். இறக்கைக்குக் கீழே இருக்கிற பெரிய சக்கரங்கள்தான் நடுக்கட்டை. அதற்குப் பின்னால் எடை கூடினால் வால் இறங்கும். முன்னால் கூடினால் மூக்கு இறங்கும். நிஜத்தில் முன்னால் விமானிகள், கருவிகள், பெட்டிகள் இருக்கின்றன. இதன் மூக்கில் வெறும் காற்று.

கணவர் ஒரு பல்குச்சியை எடுத்துவந்து வாலுக்கு முட்டுக்கொடுத்தார். விமானம் நின்றது.

“நாங்களும் பெரிய கம்பி ஒண்ணு அப்படித்தான் குடுப்போம்,” என்றான் தம்பி. “ஆனா மாமா, புது ஆபீஸ்ல எட பாக்க வந்தவன் மேசையில, குச்சி வச்ச விமானமா? மொத நாளே பேரு வச்சுடுவாங்க.”

அவள் மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். “மூக்கை அறுத்துத் தொறக்கிறேன். எடய வச்சு மூடிட்டு, அறுத்த எடத்துல பூசி, காஞ்சதும் தேச்சு, அப்புறம் அந்த நெறம் வெள்ளையோட சேராது, அதனால முழுசா ஒரு தடவ பெயிண்ட்…”

“அதுக்கென்னக்கா, பொறுமையா பண்ணு. அடுத்த தடவ வர்றப்போ வாங்கிக்கிறேன்.”

மிக இயல்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்பதை நிறுத்தியவனின் குரல் அது. அவள் கையில் ரம்பம் விமானத்தின் கழுத்துக்கு மேலே நின்றது. இதை அறுத்தால் எல்லாம் சரியாக வரும். சரியாக வந்து முடிவதற்குள் அவன் மகளுக்கு ஞானப் பல்லே முளைத்துவிடும்.

ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

“டேய், இங்க வா. மூக்குல எடமே இல்லன்னு வச்சுக்கோ. நீ எங்க ஏத்துவ?”

அவன் திரும்பினான். “நடு வீலுக்கு முன்னாடி எங்க எடம் இருக்கோ அங்க. ரொம்ப முன்னாடின்னா கொஞ்சம் போட்டாப் போதும். வீலுக்குக் கிட்டன்னா நெறைய போடணும். கணக்கு அவ்ளோதான்.”

“முன்னாடி இருந்தாப் போதும்.”

“போதும். ஆமா, இன்னும் ஒட்டாம என்ன வச்சிருக்க?”

இருவரும் ஒன்றாகவே மிச்சத் துண்டுகள் இருந்த தட்டைப் பார்த்தார்கள். இறக்கைக்குக் கீழே தொங்க வேண்டிய இரண்டு என்ஜின்கள் உருளை உருளையாகக் கிடந்தன, உள்ளே வெறுமையாக. தம்பி ஒன்றை எடுத்து இறக்கைக்கு அடியில் பிடித்துக் காட்டினான். சக்கரத்தைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

“கிட்டதான் இருக்கு,” என்றாள்.

“அப்ப நெறைய போடு.”

பல்லுக்கு உலோகம் வார்க்கும்போது, உருகிய உலோகம் ஓடிவந்த வழியும் குச்சி குச்சியாக உறைந்துவிடும். அதை வெட்டி எறிய வேண்டும். அவள் எறியாமல், ஒட்டிய துண்டுகளின் மேல் பாரம் வைப்பதற்காக மாத்திரை டப்பா ஒன்றில் சேர்த்து வைத்திருந்தாள். சுண்டு விரல் நகத்தளவு துண்டே கனமாக இருக்கும். டப்பாவை மேசையில் கொட்டினாள்.

“ஒட்டறதுக்கு முன்னாடி டேப் போட்டுப் பாரு,” என்றான் தம்பி. “நாங்களும் கணக்கு பாத்துட்டுதான் ஏத்துவோம்.”

என்ஜின் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டை டேப்பால் ஒட்டினாள். வால் டொக்கென்றது. இன்னும் ஒவ்வொன்று. மூக்கு யோசித்தது, பிறகு மறுபடி எழுந்தது. “ஏத்து, ஏத்து, வண்டி காலியா இருக்கு,” என்றார் கணவர் பின்னாலிருந்து. இன்னும் ஒவ்வொன்று. மூக்கு கீழே வந்தது. தம்பி மேசையைத் தட்டினான். விமானம் ஆடிவிட்டு அப்படியே நின்றது. “ரயில்ல குலுங்கும். கூட ஒண்ணு போட்டுரு,” என்றான். போட்டாள்.

டேப்பைப் பிரித்து, துண்டுகளை இரண்டு என்ஜின்களுக்குள்ளும் சமமாகத் திணித்தாள். பிளாஸ்டிக் பசை இங்கே உதவாது. உலோகத்தை அதனால் கரைக்க முடியாது. அதனால் வீட்டில் செருப்பு ஒட்ட வைத்திருந்த உடனடிப் பசையை இரண்டு சொட்டு விட்டாள். முன்னால் விசிறித் துண்டை வைத்து மூடினாள். உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. இறக்கைக்கு அடியில் என்ஜின்களை வைத்துப் பசையைத் தொட்டாள். கோடு ஓடியது. வலது என்ஜின் கொஞ்சம் சரிந்து ஒட்டியது. தம்பி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோது பசை காய்ந்திருந்தது. தம்பி வாலை ஒரு விரலால் அழுத்தினான். மூக்கு எழுந்தது. விரலை எடுத்தான். மூக்கு தானாக இறங்கியது. எடை நடுச் சக்கரங்களுக்கு முன்னால், இரண்டு என்ஜின்களுக்குள் இருந்தது. முன் சக்கரம் மேசையைத் தொட்டு நின்றது.