கேட்டை மூடுங்கோ

மும்பை மாட்டுங்காவில் பத்ம நிவாஸ் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். சுதந்திரத்துக்கு முன்னால் கட்டிய வீடு. வளைந்த பால்கனிகள், மொசைக் தரை, நடுவில் கம்பி போட்ட லிஃப்ட், அதைச் சுற்றிக்கொண்டு ஏறும் மாடிப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் காமிராவுமாக ஒரு கூட்டம் பார்க்க வரும். கூட்டி வருகிற பெண், "இங்கே கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை, எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆங்கிலத்தில் உருகுவாள். அவளுக்கென்ன, உருகிவிட்டு, தெருமுனையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்தாத கதவுக்குப் பின்னால் குடியிருக்கிறவர்களையல்லவா கேட்க வேண்டும்.

ஹரிதாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கல்யாணமாகி இரண்டாவது மாடிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறை அவளுக்கும் கணவன் கண்ணாவுக்கும் என்று பெயர். ஆனால் மாமனார் வெங்கடராமனின் அலமாரி அந்த அறைக்குள்தான் இருந்தது. விடியற்காலையில் வேஷ்டி எடுக்க வருவார், ராத்திரி தைலம் எடுக்க வருவார். தட்டிவிட்டுத்தான் வருவார், பண்பான மனிதர். தட்டுகிற கையாலேயே கதவைத் திறந்தும் விடுவார், அவ்வளவுதான். அவருக்கு ஹாலில் கட்டில். மாமியார் சுப்புலக்ஷ்மி, மருமகள் வந்த நாளிலிருந்து சமையலறையில் அடுப்பு மேடைக்கு அடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தாள். நவராத்திரி வந்தால் ஹாலைக் கொலுப்படி அடைத்துக்கொள்ளும். மாமனார் படுக்கையறைக்கு வந்துவிடுவார், ஹரிதா தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போவாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பெரிய வம்பு. கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டு என்றைக்கோ கிளம்பியிருக்கலாம்.

நவி மும்பைப் பக்கம் சான்பாடாவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தாள். இது மூன்றாவது வீடு. முதல் வீட்டைப் பார்க்கப் போகிற அன்றைக்கு மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாவது வீட்டுக்காரருக்குப் போன் பண்ணக் கண்ணா மறந்துபோனான். இந்தத் தடவை அப்படி விடக்கூடாதென்று அக்ரிமென்ட்டைத் தன் பெயரிலேயே போடச் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரர் துபாயில் வேலையாக இருப்பவர், கையெழுத்தாகிற அன்றைக்கு ராத்திரியே விமானம் ஏறுகிறார். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்ய ஏழு மணிக்கு ஏஜென்ட் விரல் ரேகை மெஷினோடு அங்கே வருவான். ஹரிதா போய் ரேகை வைத்தால் வீடு அவளுக்கு, போகாவிட்டால் காத்திருக்கிற வேறொரு குடும்பத்துக்கு. கண்ணா ஆபீசிலிருந்து நேராகச் சான்பாடாவுக்குப் போய் வீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஹரிதா சயானில் கச்சேரி என்று வீட்டில் சொல்லிவிட்டு, குர்லாவில் ரயில் மாறிப் போய்ச் சேர வேண்டும். பெரியவர்களிடம் விஜயதசமிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கண்ணா எல்லாவற்றுக்கும் சரி என்றான். அவன் எதற்குமே சரி என்று சொல்லக்கூடியவன்.

கச்சேரி என்று சொன்னதற்காகப் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாளோ இல்லையோ, மூன்றாவது மாடி சாருலதா படிக் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஹரிதா, எங்கே கிளம்பிட்டே? எங்காத்துக் கொலுவுக்கு நீ இன்னும் வரவே இல்லை. வெத்திலை பாக்கு வாங்கிண்டு ஓடிடு, ஒரு நிமிஷம்!"

நவராத்திரியில் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டால் மாட்டுங்காவில் மறுப்பது கிடையாது. மறுத்தால் அடுத்த நவராத்திரி வரைக்கும் பேச்சு ஓடும். ஏறிப் போனாள். கொலு வீட்டில் பாடாமல் குங்குமம் கிடையாது என்பதும் அங்கே எழுதாத சட்டம். தெரிந்ததிலேயே குட்டியான பாட்டைப் பாடினாள். "இதென்ன, ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுத்து, இன்னொண்ணு பாடு" என்றாள் சாருலதா. இன்னொன்றும் பாடினாள். சுண்டல் வந்தது. தேங்காய், ரவிக்கைத் துணி, சீப்பு, கண்ணாடி எல்லாம் ஒரு பைக்குள் வந்தன. போட்டது போட்டபடி வெளியே ஓடி வந்தவள், அவசரத்தில் படியை விட்டுவிட்டு லிஃப்டில் ஏறினாள். அதுதான் அவள் செய்த பிசகு.

அந்த லிஃப்டுக்கு இரண்டு கேட். உள்ளே ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒன்று. இரண்டையும் இழுத்து மூடினால்தான் நகரும். எந்த மாடியிலாவது யாராவது வெளிக்கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் பில்டிங் பூராவும் கால்நடைதான். சொஸைட்டி செக்ரட்டரி வெங்கடராமன் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற ஒரே வாக்கியம், "கேட்டை மூடுங்கோ!" ஹரிதா இரண்டையும் ஒழுங்காகத்தான் மூடினாள். லிஃப்ட் ஒரு ஆள் உயரம் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

பொத்தானை அழுத்தினாள். எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள்.

"யாரு அது? ஹரிதாவா?" என்று மாமனார் குரல் கேட்டது. இரண்டாவது மாடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவளுடைய பாதமும் பட்டுப்புடவையும்தான் தெரிந்திருக்கும். குந்தி உட்கார்ந்து கம்பி வழியாகக் குனிந்து பார்த்தாள். அவர் அண்ணாந்து நின்றார்.

"பயப்படாதேம்மா. வாட்ச்மேனை மொட்டை மாடிக்கு அனுப்பியிருக்கேன். சக்கரத்தைக் கையால சுத்தி இறக்கிடுவான். அதுவரைக்கும் நான் இங்கேயே உக்காந்துண்டிருக்கேன்."

சொன்னபடியே பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து லிஃப்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமியார் கையை உயர்த்திக் கம்பி இடுக்கில் ஒரு தொன்னைச் சுண்டலை நீட்டினாள். மேலேயிருந்து சாருலதா, "ஃபேன் ஓடறதா? காத்து வரதா?" என்று கேட்டாள். முதல் மாடிக்காரர்கள் ஏறி வந்து பார்த்துவிட்டு, 'அடடா' என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு இறங்கினார்கள். அத்தனை பேரும் அத்தனை அன்பாக இருந்தார்கள். ஹரிதாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது.

"கச்சேரி போனா போறது. அடுத்த வாரம் வேற ஒண்ணு இருக்கு, நானே பாஸ் வாங்கித் தரேன்" என்றார் மாமனார்.

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணாவுக்குப் போன் போட்டாள். எப்படியாவது வீட்டுக்காரரை ஏழரை வரைக்கும் பிடித்து வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். மணி அடித்தது, எடுக்கவில்லை. ரயிலில் கூட்டமாக இருக்கும். மறுபடி போட்டாள்.

புல்லாங்குழல் கேட்டது. கண்ணாவின் போனில் கேட்கிற அதே புல்லாங்குழல். சான்பாடாவில் கேட்க வேண்டியது, கீழே, திறந்து கிடந்த அவர்கள் வீட்டு வாசலுக்குள்ளிருந்து கேட்டது. போனை வைத்தாள், நின்றது. திரும்பப் போட்டாள், கேட்டது.

"கண்ணாவைக் கூப்பிடறியா? குளிக்கறான்" என்றார் மாமனார். "இப்பதான் வந்தான். நீ மேலே பாடிண்டிருந்தே, கேட்டுது, நன்னா இருந்துது. கல்யாண்லேர்ந்து அத்தை வரா, ஆத்துல ஒத்தருமில்லேன்னா என்ன நினைப்பா? நான்தான் அவனைத் திரும்பி வரச் சொன்னேன்."

கொஞ்ச நேரத்தில் கண்ணா வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வேஷ்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் பளிச்சென்று விபூதி வைத்துக்கொண்டு நின்றான். அண்ணாந்து பார்த்தவனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லிஃப்டின் அடித்தகட்டைப் பார்த்தான்.

"எங்கே இருக்கச்சே அப்பா போன் பண்ணினார்?" என்று கேட்டாள் ஹரிதா.

"குர்லால."

"குர்லாலேர்ந்து திரும்பி வந்தியா? எனக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணலியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் ஹரி. வேற வீடு கிடைக்கும். பாத்துக்கலாம்." குரலை இறக்கித்தான் சொன்னான். அந்த மாடிப்படிக்குக் குரலை இறக்கினால் தெரியுமா என்ன? மேலே சாருலதாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

"என்ன வீடு?" என்றார் வெங்கடராமன்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஹரிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சான்பாடால வீடு பாத்திருக்கோம்ப்பா. வாடகைக்கு. இன்னிக்கு ஏழு மணிக்குள்ள நான் போய் ரேகை வெக்கணும். கச்சேரின்னு சொன்னது பொய்தான், மன்னிச்சுக்கோங்கோ. எனக்கு இங்கே மூச்சு முட்டறது."

சொல்லிவிட்டாள். நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றதை, போயும் போயும் ஒரு கூண்டுக்குள் குந்தி உட்கார்ந்து, கையில் சுண்டலோடு சொல்லும்படி ஆயிற்று.

வெங்கடராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். மருமகளைப் பார்க்கவில்லை. "கண்ணா, என்னடா இது?"

கண்ணா தலையைத் துவட்டிக்கொண்டான். நன்றாகத் துவட்டிக்கொண்டான். "ஒண்ணுமில்லைப்பா. சும்மா ஒரு ஐடியா."

லிஃப்ட் நின்றபோதுகூட ஹரிதாவுக்கு இப்படி ஆகவில்லை. கம்பி, கட்டடம், கொலு, அலமாரி என்று எதை எதையோ இத்தனை நாள் நொந்துகொண்டிருந்தாளே, அவளை அடைத்து வைத்திருந்தது அதெல்லாம் இல்லை. ஈரத் தலையோடு கீழே நிற்கிற இந்தச் சாதுவான மனுஷன்தான். அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழ அந்த வீட்டில் நன்றாகப் பழகியிருந்தாள்.

மொட்டை மாடியிலிருந்து வாட்ச்மேனின் குரல் இறங்கியது. "மேடம், ஊப்பர் லூன் யா நீச்சே?"

மேலேயா கீழேயா என்று கேட்டது அவளை. பதில் சொன்னவர் மாமனார். "நீச்சே, நீச்சே! செகண்ட் ஃப்ளோர்!"

லிஃப்ட் கிறீச்சிட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கி, அவர்கள் வாசலுக்கு நேராக நின்றது. சக்கரம் சுற்றியவன், கரென்ட் போட்டாயிற்று என்று கத்தினான். உள்ளே விளக்கு எரிந்தது. வெங்கடராமன் வெளிக்கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். மாமியார், மாட்டிக்கொண்டு மீண்டவளுக்குக் கண்ணேறு கழிக்க ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"வாம்மா, உள்ளே வா. எதானாலும் உள்ளே உக்காந்து பேசிக்கலாம். அத்தை வர நேரம்" என்றார் அவர், நிஜமாகவே கனிவாக.

ஹரிதா உள்கேட்டைத் திறக்கவில்லை. இறங்கிப் படியில் ஓடலாமே என்று கேட்கலாம். அந்த வாசலில் கால் வைத்தால் ஆரத்தி சுற்றுவார்கள், காபி கொடுப்பார்கள், அத்தை வந்து கன்னத்தைத் தடவுவாள், ஏழு மணி அடித்துவிடும். அவளுக்கு நன்றாகத் தெரியும். கிரவுண்ட் பொத்தானை அழுத்தினாள். நகரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"கண்ணா, நீ வரியா?" என்று கேட்டாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"கேட்டை மூடுங்கோப்பா" என்றாள் ஹரிதா.

வெங்கடராமன் திகைத்துப்போனார். வாழ்நாள் பூராவும் கத்திய வாக்கியத்தை ஒருவர் அவரிடமே சொல்வது இதுதான் முதல் தடவை. பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. "விளையாடாதே. மறுபடி நடுவுல மாட்டிண்டா?"

சுப்புலக்ஷ்மி ஆரத்தித் தட்டைக் கண்ணாவின் கையில் கொடுத்தாள். தடுமாறி வாங்கியவனின் வேஷ்டியில் சிவப்பாகச் சிந்தியது. அவள் கேட்டருகே வந்தாள்.

"எத்தனை ரூம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பெட்ரூம்மா. அப்புறம் ஹால், கிச்சன்."

"அப்போ கிச்சன்ல யாரும் படுத்துக்க வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கணவரின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "விடுங்கோ. மாட்டிண்டா மாட்டிண்டப்போ பாத்துக்கலாம்."

இழுத்தாள். துருப்பிடித்த கேட் பாதியில் முரண்டு பிடித்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

லிஃப்ட் இறங்கியது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மாமியாரின் முகம் மேலே போயிற்று, பிறகு கேட்டை இன்னமும் விடாமல் பிடித்திருந்த கைகள், பிறகு வெடித்த பாதங்கள்.