இடது எஞ்சினின் டம்மி

கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்து ஓடும் அந்தப் பழைய பயணிகள் படகின் இடது எஞ்சினிலிருந்து, ஒரு திங்கட்கிழமை, நல்ல தண்ணீர் வடியத் தொடங்கியது. ஒழுகியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எஞ்சினின் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் வட்டத் தகடுகளைப் பட்டறைக்காரர்கள் டம்மி என்பார்கள். உள்ளே தண்ணீர் பனிக்கட்டியாய் உறைந்து விரிந்தால், எஞ்சின் வெடிக்காமல் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான். துருப்பிடித்து ஓட்டையாவதும் அதுதான். படகை ஓட்டியவளின் கணவனுக்கும் அதே பெயர். எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டவன் அவன். வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் "அவளையே கேளுங்க" என்றதால், டிக்கெட் கிழிக்கும் மச்சினன் கல்யாணமான புதிதில் வைத்த பெயர் அது. கல்யாணப் பத்திரிகையில் அடித்த பெயர் அவனுக்கே மறந்துபோயிருந்தது.

படகைக் கரையேற்றி, பழைய டம்மிகளை ஓரத்தில் தட்டித் திருப்பி இடுக்கியால் பிடுங்கினான். துளை விளிம்பில் துருவைத் தேய்த்து, பசை தடவி, புதிய பித்தளை டம்மிகளைக் கோணாமல் அடித்தான். எல்லாம் உட்கார்ந்தன. படகுச் சுவரைப் பார்த்திருந்த ஒன்று மட்டும், ஒரு கை நுழையத்தான் அங்கே இடம், அடித்த கையோடு கழன்று விழுந்தது. படகு தரையில் நின்றபோதும் தண்ணீர் நிற்கவில்லை. டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துத் துளைக்குள் பார்த்தான். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. அது எந்த ஊர் மழை என்ற யோசனையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. ஜனங்கள் குடத்தோடு வந்தார்கள். "நாளைக்கும் வருமாங்க?" என்று அவனிடம் கேட்டார்கள், பதிலுக்குக் காத்தும் நின்றார்கள். அவனா டம்மியை அடிப்பான்? அளவு சரியில்லை, எஞ்சினைத் தூக்க ஆளில்லை என்று நாளைக் கடத்தினான். மாதக் கடைசிக்குள் படகு ஓடாவிட்டால் படகுத்துறைக் குத்தகை அடுத்தவர் கைக்குப் போய்விடும். சுக்கானைத் தவிர வேறெதையும் பிடித்து அறியாதவள் அவள். கடைசியில் எஞ்சின் அறைக்குள் இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

"மனசாரத்தான் அடிச்சீங்களா?"

"மொத தடவை அடிச்சேன். அப்புறம் அடிக்கவே இல்ல."

"ஏன்?"

"எல்லாரும் என்னைக் கேக்கறாங்கம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் தான் ஒரு தடவைகூட அவனைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி, இப்ப நான் கேக்கறேன். என்ன செய்யலாம், சொல்லுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் படுத்து, கையை நுழைத்து, உள்ளங்கையைத் துளைமேல் வைத்தான். தண்ணீர் நின்றது.

மறுநாளே படகு ஓடியது. போக வர அவன் கை துளைமேல் இருந்தது. எஞ்சின் கொதித்தாலும் உள்ளங்கை சில்லென்றே இருந்தது. கரை சேர்ந்ததும் கையை எடுப்பான், குடங்கள் நிறையும். வலது எஞ்சினை இரண்டு முறை மாற்றினார்கள், மச்சினனுக்குத் தலை நரைத்தது. எந்த ஊர் மழை என்பது கடைசிவரை தெரியவில்லை. தூறலா அடைமழையா என்பதை மட்டும் தொட்டே சொன்னான். ஏறி உட்கார்ந்தும் படகு ஏன் கிளம்பவில்லை என்று புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொண்டால், அவள் சுக்கானை விட்டுத் திரும்பமாட்டாள்.

"டம்மி சாப்பிட்டுட்டு இருக்காரு. அவர் வந்தாத்தான் எடுப்பேன்."

ஊர்க்காரர்கள் அவன் எஞ்சின் அறைக்குள் இறங்கிப்போக வழிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.