பெயரில் உட்கார்ந்த ஈ

பெரியோர்களே, சான்றோர்களே, உலகில் இன்னும் மிச்சமிருக்கும் உயிரினங்களே! இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அறிவியல் இதுவரை அறியாத ஒரு தத்துப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நீளம், அரிசியில் பாதி. நிறம், காய்ந்த சருகு. தொடப்போனால் பின்னங்காலை மடக்கி ஒரு தத்து. அப்புறம் தேடினாலும் கிடைக்காது. இத்தனை பெருமையை உலகம் தாங்குமா என்று பூச்சி ஆய்வகத்தின் இயக்குநர் மிகவும் கவலைப்பட்டார்.

கண்டுபிடித்தது அவர் இல்லை. அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு விழாவில் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு ‘மேடை’ என்று பெயர்.

கண்டுபிடித்தவள் ஊசி. அதுவும் பட்டப்பெயர்தான். தத்துப்பூச்சிகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பங்காளியா அந்நியனா என்று தெரியவேண்டுமானால் ஆண்பூச்சியின் வால்நுனியை ஊசியால் பிரித்து, பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அவள் பார்த்தாள். அதில் இடப்பக்கம் வளைந்த ஒரு குட்டைக் கொக்கி. வேறு எந்தப் பூச்சிக்கும் இல்லாதது.

ஆனால் கிடைத்தவை எல்லாம் ஆண்கள். பெண்பூச்சியை இன்னும் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவை வாழ்ந்த இடமும் ஒன்றே ஒன்று: ஆய்வகத்தின் பின்னால், சைக்கிள் கொட்டகையை ஒட்டிய புதர். சுற்றுவட்டாரம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தும் வேறெங்கும் இல்லை. முட்டைகள் அந்தப் புதரின் தண்டுக்குள்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் வண்டி நிறுத்துமிடம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

“பேர் யோசிச்சியாம்மா?” என்றார் மேடை.

“கொக்கி இடப்பக்கம் வளைஞ்சிருக்கு சார். அதை வச்சே...”

“கொக்கியா? சட்டை மாட்டறதுக்கா? நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரா இருக்க வேணாமா? நானா எதுவும் சொல்லக்கூடாது. ஆனா யாராவது ஆசைப்பட்டு வச்சா, மனசை நோகடிக்கவும் மாட்டேன்.”

ஊசிக்கு உள்ளங்கால் எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். “உங்க பேரே இருக்கட்டும் சார். அந்தப் புதரை மட்டும் வெட்டாம விட்டுடுங்க.”

“அட, நம்ம புதர்மா அது!” காலையில்தான் அதைக் களைச்செடி என்றிருந்தார். “கண்ணுல படற மாதிரி ஏதாவது கட்டி வை. ஒப்பந்தக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

வீட்டில் பழைய சிவப்புத் திரைச்சீலையை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

“பாடுபட்டவ நீ, பேரு அந்தாளுக்கா? உனக்கு ரோஷமே கிடையாதாடி?”

“புதர் பிழைக்குதே அக்கா. பேருல என்ன இருக்கு? பூச்சிக்கு வைக்கறது ஆம்பள பேரா இருந்தா கடைசியில ஒரு ‘ஈ’ சேர்த்தா முடிஞ்சுது. லத்தீன் இலக்கணம்.”

“நல்ல இலக்கணம்! அவரு பேருல போய் ஈ உட்காரணும்னு அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்கான் பாரு.”

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. மறுநாள் புதரின் ஒவ்வொரு கிளையிலும் சிவப்புத் துணி பறந்தது.

பிறகு உட்கார்ந்து பூச்சியின் விவரிப்பை எழுதினாள். கோபத்தோடுதான் எழுதினாள்; ஆனால் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அறிமுக விழாவில் விவரிப்பைத் தானே வாசிப்பேன் என்று மேடை பிடிவாதம் பிடித்தார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. தம் பெயரை ஈயோடு சேர்த்து முழங்கிவிட்டுத் தொடங்கினார்.

“நெற்றி புடைத்தது. சிறகு உண்டு; பறக்க உதவாது. பிறர் உழைப்பில் ஊறிய சாற்றை...” இந்த இடத்தில் ஊசி உண்மையை ஒரு நூலிழை வளைத்திருந்தாள்; பொய் இல்லை, செடியும் உழைக்கத்தானே செய்கிறது! “...உறிஞ்சி வாழும். உறிஞ்சியது போக மிச்சத்தைப் பின்புறமாகத் தேன்போல் வெளியேற்றும். அதற்காக எறும்புகள் எந்நேரமும் பின்னாலேயே அலையும்.”

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ சிரிப்பைத் தும்மலாக்கினார்.

“ஆண் உறுப்பு குட்டையானது, இடப்பக்கம்...” மேடை இருமி, தண்ணீர் கேட்டார்.

ஊசி அதை ரசித்திருக்க வேண்டும். ஆனால் கட்டடத்தின் பின்னாலிருந்து ஓர் இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது. நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினாள்.

புதர் இல்லை. சைக்கிள் கொட்டகைச் சுவர் மொட்டையாக நின்றது. அரவை இயந்திரம் கடைசித் தண்டையும் தூளாக்கித் துப்பிக்கொண்டிருந்தது.

“யோவ், என்னய்யா பண்ணீங்க? சிவப்புத் துணி கட்டியிருந்தேனே, கண்ணு தெரியலையா?”

ஒப்பந்தக்காரர் திகைத்தார். “அதைப் பார்த்துத்தானேம்மா வெட்டினோம்? சிவப்பு கட்டினா வெட்டணும். எங்க தொழில்ல அதான் வழக்கம்.”

“இயக்குநர் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

“சொல்லாம என்ன? ‘துணி கட்டினதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கங்க’ன்னாரு. பார்த்துக்கிட்டோம்.”

தூளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு ஊசி அரங்கத்துக்குள் திரும்பினாள். மாலையும் கழுத்துமாக நின்ற மேடையின் முன்னால், மேசைமீது அதைக் கொட்டினாள்.

“என்னம்மா இது, குப்பை?”

“உங்க பேருல இருக்கற குடும்பம் சார். பொண்டாட்டி பிள்ளையோட.”

அவர் தூளைப் பார்த்தார், புகைப்படக்காரரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “சரி விடு. பேர் பதிவாயிடுச்சுல்ல?”

பதிவாகிவிட்டது. புதர் இருந்த இடத்தில் இப்போது அவருடைய கார் நிற்கிறது.