‘இல்லை’ வராத கீபோர்டு

காலை ஒன்பது இருபதுக்கு என் வீட்டுக்காரர் ‘இல்லை’ என்று தட்டினார். லேப்டாப் கணீரென்று, “இலை” என்றது.

மறுபடி தட்டினார். “இலை.” மூன்றாவது தடவை அதுவும் போய், “இஐ” என்று இளித்தது.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பத்து மணிக்கு அவருக்கு ஃபோனில் விசாரணை.

தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர் அவர். வாய் ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். “கொஞ்சம் வாயை மூடுங்களேன்” என்று இருபத்திரண்டு வருஷம் கெஞ்சியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. அப்படிக் கெஞ்சிய என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. இப்போது அவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார், திரையில் தமிழாக மாறும், லேப்டாப் படிக்கும். ‘இல்லை’க்கு ‘எல்’ பட்டனை இரண்டு தடவை தட்ட வேண்டும். அந்த ‘எல்’தான் மக்கர் செய்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய அவருடைய கடைசி ஷிஃப்டில் நீராவி வால்வு திறந்து கிடந்து, ஒரு ஃபிட்டரின் கை வெந்துபோனது. இவர்தான் மூடாமல் போனார் என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையில் இவர் மூடினார். வேலை முடிய வேண்டிய அவசரத்தில் ஃபோர்மேன் அதைத் திரும்பத் திறந்ததையும் இவர் பார்த்தார். ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார். இன்றைக்கு மறுக்காவிட்டால் வேலை போகும். அதைவிட, ஒரு மனிதனின் கையைப் பொசுக்கியவர் என்ற பெயர் ஆயுசுக்கும் நிற்கும்.

“நான் இல்லைன்னு மட்டும் சொல்றேன். அவரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்” என்று நேற்று சாயங்காலம் தட்டினார். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம் நின்ற மனிதராம் ஃபோர்மேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் எழுந்து குளிக்கப் போனதும் கையிலிருந்த டம்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன். டீ தெறித்தது. அவர் வருவதற்குள் துடைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மாடி வீட்டுப் பெண் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். கூப்பிட்டதும் ஈரத் தலையோடு இறங்கி வந்தாள்.

“அக்கா, இது மேல எதாவது கொட்டுச்சா?”

“இல்லையே” என்றேன். அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது!

அவள் அணைத்துப் போட்டாள். செட்டிங்ஸுக்குள் போய் எதையெதையோ மாற்றினாள். திரைக்குள்ளேயே ஒரு கீபோர்டை வரவழைத்தாள். அதைத் தொட்டதும் பேசுகிற மென்பொருள் அசையாமல் நின்றுவிட்டது; அதை மூடிய பிறகுதான் திரும்பப் பேசியது. மணி ஒன்பது நாற்பத்தைந்து.

“டீ கொட்டுச்சும்மா. நான்தான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டக்கூட அவரிடம் குரல் இல்லை.

“முதல்லயே சொல்லியிருந்தா கால் மணி நேரம் மிச்சமாகியிருக்குமேக்கா!” என்றபடி ‘எல்’ பட்டனை நெம்பி எடுத்தாள். அடியில் சர்க்கரை பிசுபிசுத்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இரண்டு தடவை “இல்லை, இல்லை” என்றது. மூன்றாவது தடவை “இஐ.”

“பட்டனுக்கு அடியில இருக்கற ஷீட்டே போயிடுச்சு. கடையிலிருந்து வேற கீபோர்டு எடுத்துட்டு வந்துடறேன்” என்று ஓடினாள்.

அவள் திரும்புவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

“குரல் பதிவு மட்டும்தான், கேமரா கிடையாது” என்றார் விசாரணை அதிகாரி. “உங்க பதிலை நீங்கதான் சொல்லணும். பக்கத்துல இருக்கறவங்க பேசக்கூடாது. ஃபோர்மேனும் லைன்ல இருக்கார். வால்வைத் திறந்தபடி விட்டுட்டுப் போனது நீங்களா?”

அவர் தட்டினார். பட்டன் இல்லாத குழியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தட்டினார்.

“இஐ.”

“புரியலையே. ஆமாவா, இல்லையா?”

“ஆமாங்கறார் சார்” என்றது ஃபோர்மேனின் குரல். “பாவம், பேச முடியாது அவரால.”

கத்திவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் விரல்கள் நின்றுவிட்டன. முகம் காது வரைக்கும் சிவந்து போயிருந்தது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“நான் மூடினேன்” என்றது லேப்டாப்.

“அப்போ உங்களுக்கு அப்புறம் யாரோ திறந்திருக்காங்க” என்றார் அதிகாரி. “யாருன்னு தெரியுமா?”

அவர் தட்டத் தொடங்கினார். ‘தெரி’ வரை திரையில் வந்தது. நின்றார்.

‘தெரியாது’ என்று தட்ட ‘எல்’ வேண்டாம். அந்தப் பொய்க்கு வேண்டிய எழுத்தெல்லாம் நன்றாகவே வேலை செய்தன. காலையில் பொய் சொன்னவள் நான். அவரை உந்த எனக்கு என்ன யோக்கியதை?

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“தெரியும்” என்றது லேப்டாப்.

“ரேடியோ...” என்றார் ஃபோர்மேன், குரல் கம்மிப்போய். “வேணாம்பா.”

“நீங்க சும்மா இருங்க. அவர் சொல்லட்டும்” என்றார் அதிகாரி.

அவர் அடுத்த சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.