எடைக்கு எடை

"யாராச்சும் மிதிச்சுடப் போறாங்க நோரா, அதைத் தூக்கிப் பையில போட்டுக்கோ!"

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நோராவின் குதிரை பட்டன் குட்டியல்ல, வளர்ந்ததே அவ்வளவுதான். தலையைக் குனிந்தால் ஹில்டாவின் பெரிய குதிரை கேப்டனுடைய வயிற்றுக்கடியில் நுழைந்துவிடும். அந்த யார்க்‌ஷர் பள்ளத்தாக்கில் கட்டை இழுக்கும் போட்டிக்குக் குள்ளக்குதிரை வந்தது இதுவே முதல் தடவை.

கோப்பை, அதிகம் இழுக்கும் குதிரைக்கு அல்ல. சறுக்குவண்டியில் ஏற்றிய கட்டைகளைத் தன் எடையைப்போல எத்தனை மடங்கு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. ஹில்டா அந்தக் கோப்பையைத் தொட்டதேயில்லை. இந்தக் கோடையோடு கேப்டன் பாரம் இழுப்பதை நிறுத்தச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர். இன்று விட்டால் இனி இல்லை.

கேப்டன் தன்னைப்போல இரண்டு மடங்கு இழுத்தது. மற்ற குதிரைகள் எதுவும் அதை எட்டவில்லை.

கடைசியாகப் பட்டன்.

"விட்டுடு நோரா, முதுகு ஒடிஞ்சிடும்!"

"முதுகு அதோடது. அதுவே சொல்லட்டும்."

பட்டன் புல்லில் வயிறு படும்வரை தாழ்ந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கட்டைகள் அசைந்தன.

"வாடா பட்டன்! வாடா ராஜா!" என்று கத்தியது ஹில்டாதான்.

"நீ யார் பக்கம்டீ?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஒன்றே முக்கால் மடங்கு. நடுவர் ஆல்டர்சன் கேப்டன் பெயரைச் சொல்லிக் கோப்பையை ஹில்டாவிடம் கொடுத்தார்.

கட்டைகளை இறக்கியபின் காலிச் சறுக்குவண்டியை ஓரமாக இழுத்துப்போடச் சிநேகிதிகள் ஹில்டாவும் நோராவும் பிடித்தார்கள். அது நகரவில்லை.

"என்ன கனம்டீ இது!"

"பட்டன்ல பாதி இருக்கும்," என்று நோரா மூச்சு வாங்கினாள். "சரி, ஜெயிச்சவ டீயாவது வாங்கித் தர்றியா இல்லியா?"

ஹில்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பட்டனில் பாதி. கேப்டனிலோ பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கட்டையோடு வண்டியையும் சேர்த்தால் பட்டன் இழுத்தது இரண்டே கால் மடங்கு. கேப்டன் இரண்டைத் தாண்டிக் கொஞ்சம். நோராவுக்கு இது தோன்றவேயில்லை. பேசாமல் டீ குடிக்கப் போயிருக்கலாம்.

ஹில்டா ஆல்டர்சனிடம் போனாள்.

"வண்டி எடையைச் சேத்தீங்களா?"

"எதுக்குக் கண்ணு? எல்லாரும் இழுத்தது ஒரே வண்டிதானே? சமம்தானே?"

"எங்க சமம்? கேப்டனுக்கு அது தலையில தொப்பி மாதிரி. பட்டனுக்கு இன்னொரு பாதிக் குதிரை. பெரிய குதிரைங்களே வந்ததால இத்தனை வருஷமா நமக்கு உறைக்கல. எடைக்கு எடைன்னா முழுசாத்தானே பாக்கணும்?"

"ஹில்டா, கோப்பை உன் கையில இருக்கு. யோசிச்சுத்தான் பேசறியா?"

"சீக்கிரம் கூட்டிப் பாருங்க. மனசு மாறிடப் போகுது."

அவர் ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தார்.

நோரா கோப்பையை வாங்கினாள். "உனக்குப் பைத்தியம்டீ," என்றாள்.

"இருந்துட்டுப் போகுது. டீ இப்ப நீதான் வாங்கணும்."

ஹில்டா கேப்டனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொடியன்கிட்டதான்டா தோத்தோம்," என்றாள். "நீயும் பாத்தியே, எப்படி இழுத்தான்!"